கிளண்டனிலிருந்து கிளன் வரை

மைலுக்கு இருபத்து மூன்று பவுண்டு நாற்பது பென்ஸ்.
எனக்கு வாக்குக் கொடுத்தவர்களையெல்லாம் கூட்டினால்
அவ்வளவு வந்தது.
மருந்துக்கடை முதலாளி ஐந்து பவுண்டு,
மீன் பொரிக்கும் ஹேடன் இரண்டு,
மேல்மாடி யாழிசை, வயது ஆறு, இரண்டு பென்ஸ்.
இரண்டு பென்ஸா என்று சிரித்துவிட்டேன்.
"மைலுக்கு" என்றாள், விரலை நீட்டி.

ஷ்ரூஸ்பரியிலிருந்து ஹெரஃபோர்டுக்கு, சுற்றுவழியில்
தொண்ணூற்றாறு மைல். ஆறு நாள். ஒன்பது பேர்.
டயாலிசிஸுக்குப் போய்வர
நடக்க முடியாதவர்களுக்கு ஒரு வேன் வாங்க
நடக்க முடிந்தவர்கள் நடந்தோம்.

நான்காம் நாள், கிளண்டன் தாண்டியதும்
குதிகால் கொப்புளம் உடைந்தது.
மற்ற எட்டு மஞ்சள் சட்டைகளும்
மழைக்குள் கரைந்து போயின.
எனக்குப் பின்னால் ஒரு டிராக்டர் நின்றது.
ஏறு என்று அவர் சொல்லவில்லை.
கதவைத் திறந்தார்,
இருக்கையில் இருந்த நாயை நகர்த்தினார்.
அவ்வளவுதான்.
நகர்ந்துவிட்ட ஒரு நாயை
எப்படி மறுப்பது?

ஏழு நிமிடம்.
கண்ணாடி முழுக்க எங்கள் மூன்று பேரின் மூச்சு.
வெளியே என்ன இருந்தது என்று தெரியாது.
கல்பாலத்துக்கு ஒரு வளைவு முன்னால் இறங்கிக்கொண்டேன்.
மீதியை நடந்தேன்,
வலித்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக நொண்டி.
பாலத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.
ரோவீனா தன் காய்ந்த காலுறையைக் கழற்றித் தந்தாள்.

சொல்லியிருக்கலாம்.
அன்றிரவு சூப் குடிக்கும்போது சொல்லியிருக்கலாம்.
சூப் நன்றாக இருந்தது.

ஊர் திரும்பியதும்
நாற்பத்தாறு பவுண்டு எண்பது பென்ஸை
என் பையிலிருந்து தனியாகப் போட்டேன்.
யாரையும் ஏமாற்றவில்லை என்று
கால்குலேட்டர் ஒப்புக்கொண்டது.
பிறகு யாழிசை வந்தாள்.
ஒரு பவுண்டு தொண்ணூற்றிரண்டு பென்ஸ்,
உண்டியலின் வாய்க்குள் கத்தி விட்டுத்
துழாவி எடுத்த சில்லறை.
என் மேசையில் ஒவ்வொன்றாக வைத்தாள்.
ஒவ்வொரு மைலாக எண்ணினாள்.
அறுபதில் நான் எழுந்து
தண்ணீர் குடிக்கப் போனேன்.

செப்டம்பரில், ஒரு சனிக்கிழமை,
யாரிடமும் சொல்லாமல்
கிரேவன் ஆர்ம்ஸ் வரை ரயில்,
அங்கிருந்து டாக்ஸி.
கிளண்டனில் இறங்கி,
இங்கேயே நில்லுங்கள், வந்துவிடுகிறேன் என்றேன்.
கொட்டிலும் வேலியும் தவிர
எதுவுமில்லாத பக்கம் நான் நடப்பதை
டிரைவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இதுதானா அந்த இரண்டு மைல்.
வேலியில் டாம்சன் பழுத்து
தார்ச்சாலையில் விழுந்து நசுங்கிக் கிடந்தது.
கார்களுக்காக ஒரு வளைவில் கட்டிய குழிக்கண்ணாடியில்
மஞ்சள் சட்டை இல்லாமல் நான்,
சின்னதாக, தலை பெருத்து.
புளித்த தீவனத்தின் வாடை.
முள்கம்பியில் ஆட்டுமயிர்.
ஒன்றுக்கும் உதவாத ஒரு சிறு மேடு,
மூச்சு வாங்கியது.
மேட்டின்மேல் நின்றபோது நினைத்தேன்:
இங்கே நாலு பென்ஸ்.

கிளன் பாலத்தில் யாரும் இல்லை.
ஒரு வாத்து இருந்தது, அது கவனிக்கவில்லை.
கல்லைத் தொட்டேன்.
தொட்ட பிறகுதான் உறைத்தது,
டாக்ஸி நிற்பது அந்த முனையில்.

திரும்பி நடக்கிறேன்.
யாருடைய வாக்கும் இல்லாத இரண்டு மைல்.
எந்தத் தாளில் இதை எழுதுவது,
யாரிடம் காசு கேட்பது?
கால் மைல் போயிருப்பேன்.
பின்னால் அந்தச் சத்தம்.

அதே ஆள்தானா, தெரியவில்லை.
கதவு திறந்தது. நாய் நகர்ந்தது.

ஏறி உட்கார்ந்ததும்
சட்டைக்கையால்
கண்ணாடியைத் துடைத்தேன்.